நைட்ரைன்: மூன்றாவது ஆள் ஏன் எங்களை விட்டு ஓடுகிறார்?

தூங்காநகரத்தான் | 5 ஜூலை 2025, இரவு 11.42

புலம்பல் இழைதான். முன்கூட்டியே மன்னித்துவிடுங்கள்.

எல்டன் ரிங் நைட்ரைன் வீடியோ கேம் வெளியான மே 30 அன்றே நானும் தம்பியும் ஆளுக்கொன்று வாங்கிவிட்டோம். நான் மதுரை வீட்டில், அவன் கோவை ஹாஸ்டலில். இரண்டு பேரும் பிசி. தனியாக ஆடலாம், மூன்று பேராக ஆடலாம், இரண்டு பேராக மட்டும் ஆட முடியாது என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. (காசைக் கட்டிவிட்டு அப்புறம் விவரம் படிப்பது எங்கள் குடும்பப் பழக்கம்.) அதனால் ஒவ்வொரு ரன்னுக்கும் (ஒரு முழு ஆட்டம்) முகம் தெரியாத யாரோ ஒருவர் மூன்றாவது ஆளாக வந்து சேருகிறார். எங்கள் துன்பம் அங்கேதான் ஆரம்பம்.

இரண்டு இரவு தாண்டினால் மூன்றாம் நாள் வரும் கடைசிப் பகைவர்கள்தான் இரவதிபதிகள். அவர்களில் மூன்று தலை நாய் கிளாடியஸை நான்காவது முயற்சியில் சாய்த்துவிட்டோம். அன்றைக்கு இருந்த தெம்பில் மற்றவர்களையும் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். இப்போது அடெல் என்ற இன்னொருவனிடம் 14 தோல்வி. அதில் பாதிக்கு மேல் அடெலின் முகத்தையே பார்க்கவில்லை, முதல் இரண்டு இரவுகளிலேயே போய்விட்டோம்.

நேற்றைய ரன்னைச் சொல்கிறேன். நான் ரெய்டர், தம்பி டச்சஸ், வந்தவர் ரெக்ளூஸ் (எல்லாம் ஆட்டப் பாத்திரங்கள்). லிம்வெல்ட் என்ற ஆட்டக்களத்தில் இறங்கியதும் நாங்கள் இருவரும் பக்கத்து முகாமுக்கு ஓடினோம். பேசிவைத்த மாதிரி இரண்டே நிமிடத்தில் முடித்தோம். ரெக்ளூஸ் வேறு பக்கம் ஒரு தேவாலயத்துக்குப் போய்விட்டார். நாங்கள் சுரங்கத்துக்குப் போனோம், அவர் அங்கும் வரவில்லை. நடுவில் தனியாக யாரிடமோ மாட்டி விழுந்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு ஒரு லெவல் போய்விட்டது. முதல் இரவு பாஸ் (பெரிய பகைவன்) வந்தபோது நாங்கள் லெவல் 6, அவர் 4. அங்கே இரண்டு முறை விழுந்தார், ஒரு முறை எழுப்பினோம். அடுத்த முறை எழுப்பப் போவதற்குள் ஆட்டத்தை விட்டே போய்விட்டார்.

இது ஒரு நாள் கதை இல்லை, பத்துக்கு ஏழு நாள் இதுதான். இவர்களுக்கெல்லாம் சேர்ந்து ஆடத் தெரியாதா? தெரியாதென்றால் ஏன் இந்த ஆட்டத்துக்கு வருகிறார்கள்?

பழையசாம்பல் | 6 ஜூலை, காலை 7.15

பழைய பாஸ்களைத் தூசி தட்டி, எல்டன் ரிங் மரத்தையும் பாறையையும் இடம் மாற்றி வைத்து 40 டாலர் கேட்டால் இப்படித்தான் இருக்கும். டார்க் சோல்ஸ் 3 பாஸான நேம்லெஸ் கிங்கை 2016இல் தனியாக, யார் துணையும் இல்லாமல் வென்றவன் நான். அவரைக் கூட்டத்தோடு சேர்ந்து மொத்துவதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. இயக்கியது எல்டன் ரிங்கை எடுத்த மியாசாகி இல்லை என்பது முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

கரிமுகில் | 6 ஜூலை, காலை 9.02

சாம்பல் அண்ணா, இயக்கியது ஜுன்யா இஷிசாகி. அதை யாரும் மறைக்கவில்லை. முதல் நாளிலேயே 20 லட்சம் பிரதி போன ஆட்டம் இது, பாவப்பட வேண்டியதில்லை. கேள்விக்கு வருவோம்.

தூங்காநகரத்தான், உங்கள் சண்டையில் பெரிய குறை இருப்பதாகத் தெரியவில்லை. நேரக் கணக்கில்தான் ஓட்டை. ஒரு நாள் என்பது சுமார் 15 நிமிடம். அதற்குள் ஆடும் பரப்பைச் சுற்றிய வட்டம் இரண்டு தடவை சுருங்கும். அந்த 15 நிமிடத்தில் என்னென்ன கைக்கு வர வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

உயிர் ஏற்றும் ஃபிளாஸ்க் மூன்றோடு தொடங்குகிறோம். ஒவ்வொரு தேவாலயமும் ஒன்று கூட்டித் தரும். ஆக, ரெக்ளூஸ் தேவாலயத்துக்குப் போனது தப்பே இல்லை. முதல் நாளில் இரண்டு தேவாலயமாவது தொட்டாக வேண்டும். நீங்கள் சொன்ன ரன்னில் ஒன்றுகூடத் தொட்டதாகத் தெரியவில்லை. மூன்று ஃபிளாஸ்க்கோடு முதல் இரவு பாஸுக்கு முன்னால் போய் நின்றீர்களா?

லெவல் உச்சம் 15. நல்ல ரன்னில் முதல் நாள் முடிவில் 6 அல்லது 7, இரண்டாம் நாள் முடிவில் 12ஐத் தாண்டியிருக்க வேண்டும், இது என் கணக்கு. ஆயுதத்தின் தரத்தை நிறம் சொல்லும்: நீல ஆயுதம் பிடிக்க லெவல் 3 வேண்டும், ஊதாவுக்கு 7, தங்க நிற ஆயுதத்துக்கு 10. சுரங்கத்துக்குப் போவது ஆயுதத்தை உயர்த்தும் கல்லுக்காக. கையில் நல்ல ஆயுதமே இல்லாமல் முதலில் சுரங்கத்துக்கு ஓடுவது, மாவு அரைக்காமல் அடுப்பைப் பற்றவைத்த கதை.

அடெலுக்கு நஞ்சு ஆகாது. நச்சு ஏறினால் அப்படியே தடுமாறி நிற்பான். தொடக்க ஆயுதத்துக்கு நச்சு ஏற்றும் ரிலிக் (ரன்னுக்கு முன் மாட்டும் பொருள்) ஒன்று இருக்கிறது, கிடைத்திருந்தால் மாட்டுங்கள். வரைபடத்தில் சில இடங்களின்மேல் நெருப்பு, மின்னல் மாதிரி சின்னம் இருக்கும். அங்கே எந்த வகைச் சரக்கு கிடைக்கும் என்பதற்கு அதுதான் குறிப்பு. எந்த இரவதிபதியை அடிக்கப் போகிறோமோ அவனுக்கு ஆகாததைப் பார்த்து வழி போட வேண்டும். கிளாடியஸுக்குப் புனிதம், மாரிஸுக்கு மின்னல், காலிகோவுக்கு நெருப்பு. பக்கத்தில் இருக்கிறதே என்று முகாமுக்குள் நுழைவது வழி இல்லை.

தூங்காநகரத்தான் | 6 ஜூலை, மதியம் 1.20

சரி, தேவாலயம் என் தப்பு. ஆனாலும் கரிமுகில், ரெக்ளூஸ் தனியாகப் போய் விழுந்தது யார் தப்பு?

இரவுப்பணி | 6 ஜூலை, இரவு 10.55

அந்த ரெக்ளூஸ் நான் இல்லை, ஆனால் நானாக இருந்திருக்கலாம்.

எனக்குச் சேர்ந்து ஆட ஆள் கிடையாது. வேலை முடிந்து வருவதே அர்த்த ராத்திரி. அதனால் வெளியான நாளிலிருந்து நான் எப்போதும் யாரோ இருவரோடு மூன்றாவது ஆள்தான். எத்தனையோ இரட்டையரைப் பார்த்துவிட்டேன். மூன்று நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன், இவர்கள் இருவரும் எங்கேயோ பேசிக்கொண்டே ஆடுகிறார்கள் என்று. எப்படி என்றால், இருவரும் ஒரே நொடியில் ஒரே பக்கம் திரும்புவார்கள், வரைபடத்தில் 'இங்கே போவோம்' என்று குறிக்கும் ஒரு பின்கூட விழாது.

உங்கள் முதல் பதிவை இரண்டு தடவை படித்தேன். அவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறீர்கள், அதில் பின் என்ற சொல்லே இல்லை. "பேசிவைத்த மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்கள். மாதிரி என்ன, பேசித்தானே வைத்தீர்கள்? ஹெட்செட்டில்?

இந்த ஆட்டத்துக்குள் குரல் கிடையாது, எழுதிப் பேசவும் முடியாது. எங்களுக்கு இருப்பது வரைபடப் பின்னும், கீழே கிடக்கும் பொருளைக் குறிக்கிற வசதியும்தான். நீங்கள் இருவரும் வாயால் பேசியது அந்த ரெக்ளூஸுக்குக் கேட்காது. அவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? இறங்கினோம். இருவர் ஓடினார்கள். எங்கே என்று சொல்லவில்லை. அவர் தேவாலயத்தில் பின் போட்டிருப்பார், அநேகமாக இரண்டு மூன்று தடவை. திரும்பிப் பார்த்தால் யாரும் வரவில்லை. சரி, நம் ஃபிளாஸ்க்கையாவது எடுத்துக்கொள்வோம் என்று போயிருப்பார்.

நேற்று முன்தினம் எனக்கு நடந்தது. நான் அயர்னை, வில்லாளி. நடுக்கோட்டைக்கு வெளியே விழுந்து கிடக்கிறேன். தவழ்ந்து ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். இருவரும் பதினைந்தடி தூரத்தில் நிற்கிறார்கள். ஒருவர் ஆயுதம் பார்த்துக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் அவருக்கு எதையோ கீழே போட்டுத் தருகிறார். அது ஆகாது, இதை எடு, வேண்டாம் அதையே வைத்துக்கொள் என்று வாக்குவாதம் நடப்பது உடம்பு அசைவிலேயே தெரிகிறது. அந்த நேரம் முழுக்க என் தலைக்கு மேல் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நான் இருப்பதே அவர்கள் நினைவில் இல்லை. செத்து எழுந்து ஒரு லெவல் குறைந்து வந்தபோது இருவரும் குனிந்து வணங்கி மன்னிப்புக் கேட்டார்கள். மனம் இளகிவிட்டது, அது வேறு விஷயம்.

தூங்காநகரத்தான் | 6 ஜூலை, இரவு 11.30

டிஸ்கார்டில்தான் பேசுகிறோம்.

பின்... உண்மையைச் சொன்னால், எந்தப் பொத்தான் என்றுகூட எனக்குச் சரியாக நினைவில்லை.

கரிமுகில் | 6 ஜூலை, இரவு 11.34

அடப்பாவி.

சின்னத்தம்பி_கோவை | 7 ஜூலை, காலை 8.10

வணக்கம். மேலே புலம்பியிருப்பவரின் தம்பி. அண்ணன் சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ரெக்ளூஸ் நான்கு தடவை பின் போட்டார். சத்தம் வந்தபோதெல்லாம் "என்னடா டிங் டிங்குனு?" என்று கேட்டது யார் என்று அண்ணனிடமே கேளுங்கள்.

தூங்காநகரத்தான் | 7 ஜூலை, காலை 8.25

ஹாஸ்டலில் காலை எட்டு மணிக்கு எழுந்திருக்கிறாயா? அம்மாவிடம் சொல்கிறேன், சந்தோஷப்படுவார்.

பழையசாம்பல் | 7 ஜூலை, காலை 10.40

இதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன். மூன்று பேர் ஆட்டம் என்று விற்கிறார்கள், பேச ஒரு வசதி இல்லை. பிசியில் இருப்பவர் பிளேஸ்டேஷனில் இருப்பவரோடு ஆட முடியாது. ஆட்டம் பாதி வெந்தது, அதில் ஆடுகிறவர்களை ஏன் குறை சொல்கிறீர்கள்? ஆட்டத்தை உருவாக்கும்போது இரண்டு பேர் ஆடும் வசதியைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று அந்த இஷிசாகியே பேட்டியில் ஒப்புக்கொண்டாரே. உலகத்தில் பாதிப் பேருக்கு ஒரே ஒரு நண்பன்தான் இருப்பான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லையா?

இரவுப்பணி | 7 ஜூலை, இரவு 11.15

இரண்டு பேர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். குரல் விஷயத்தில் இல்லை.

குரல் வசதி இருந்திருந்தால் நான் இந்த ஆட்டத்தை வாங்கியே இருக்க மாட்டேன். வேறு ஆட்டங்களில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதும் என்னென்ன கேட்டிருக்கிறேன் என்பதை இங்கே எழுத முடியாது, எழுதினால் மட்டுறுத்துநர் நீக்கிவிடுவார். இங்கே நான் வெறும் அயர்னை. யாருக்கும் என் வயதும் தெரியாது, நான் ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. அம்பு சரியாகப் போகிறதா என்பதுதான் பேச்சு. நூறு ரன்னுக்கு மேல் ஆடியிருப்பேன், ஒருவர்கூடத் திட்டியதில்லை. திட்ட வழியே இல்லையே.

அம்பறாத்தூணி | 8 ஜூலை, காலை 6.50

அக்கா சொன்னதற்கு ஒரு ஓட்டு.

எழுப்புவதைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்ததே அதுதான். விழுந்தவரை எழுப்ப அவர் பக்கத்தில் மண்டியிட்டு ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பதெல்லாம் இங்கே கிடையாது. அவரைப் போட்டு அடிக்க வேண்டும். தலைக்குமேல் ஊதா நிறத்தில் ஒரு வளையம் இருக்கும், அடிக்க அடிக்க அது கரையும், முழுக்கக் கரைந்தால் எழுந்துவிடுவார். முதல் தடவை விழுந்தவருக்கு ஒரு பங்கு. மறுபடி விழுந்தால் இரண்டு, அதற்கும் மேல் விழுந்தால் மூன்று. மூன்று பங்கு ஆகிவிட்டால் பாஸ் பக்கத்தில் நிற்கும்போது கத்தியால் எழுப்புவது கிட்டத்தட்ட தற்கொலை.

புதியவர்கள் செய்கிற தப்பு, ஒருவர் விழுந்ததும் இருவரும் அவர்மேல் பாய்வது. பாஸ் ஒரே அடியில் மூவரையும் முடித்துவிடும். ஒருவர் பாஸை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும், மற்றவர் எழுப்ப வேண்டும். யார் எதைச் செய்வது என்று பேச முடியாது, ஆளைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். கார்டியன் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு பாஸை நோக்கி நடந்தால் எழுப்புவது உங்கள் வேலை. அயர்னை இருந்தால் விட்டுவிடுங்கள், அவர் தூரத்திலிருந்தே அம்பு விட்டு எழுப்பிவிடுவார். டச்சஸ் தன் கடைசித் திறனைப் போட்டால் கூட்டம் மொத்தமும் பகைவர் கண்ணிலிருந்து மறைந்துவிடும். தம்பி, அதை அடிக்கப் பயன்படுத்தாதீர்கள், ஆள் விழும்வரை சேர்த்து வையுங்கள். ரெவனண்டின் கடைசித் திறன் பக்கத்தில் கிடப்பவர்களை நேராகவே எழுப்பிவிடும். கார்டியன் மேலே பறந்து வந்து குத்துவதும் அப்படித்தான்.

கரிமுகில் | 8 ஜூலை, காலை 9.30

நல்ல பதிவு. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். வழியில் கருத்து வேறுபட்டால் சரி தப்பு பார்க்காமல் முதலில் பின் போட்டவர் பின்னால் போய்விடுங்கள். தப்பான முகாமை மூவர் சேர்ந்து இரண்டு நிமிடத்தில் முடிக்கலாம். சரியான முகாமில் ஒருவர் தனியாகப் போய் விழுந்தால் ஐந்து நிமிடம் போச்சு, ஒரு லெவலும் போச்சு.

அம்பறாத்தூணி | 8 ஜூலை, காலை 9.48

இதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் நாளே ஒருவர் நேராகக் கோட்டைக்குப் பின் போடுகிறார், எல்லோரும் லெவல் 2. பின்னால் போனால் மூவரும் சாவோம். அப்போதும் போக வேண்டுமா?

கரிமுகில் | 8 ஜூலை, காலை 10.05

போகக் கூடாது. வேறு இடத்தில் நீங்கள் பின் போட வேண்டும். இரண்டு தடவை போடுங்கள், மூன்றாமவர் யார் பக்கம் திரும்புகிறார் என்று பாருங்கள். இருவர் கோட்டைக்குப் போனால் தலையில் அடித்துக்கொண்டு நீங்களும் போங்கள். அப்படிப் போய் லெவல் 2இல் கோட்டைச் சுவரை ஒட்டி ஓடிப் பிழைத்து வந்த ரன் ஒன்று எனக்கு உண்டு. வென்றோம் என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் இரண்டாம் இரவுவரை வந்தோம்.

மட்டுறுத்துநர் | 8 ஜூலை, மதியம் 12.00

இழையிலிருந்து இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கடைசி இரவதிபதியின் பெயரையும் கதை முடிவையும் தலைப்பில் எச்சரிக்கை போடாமல் எழுதாதீர்கள். இன்னும் அங்கே போய்ச் சேராதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். (நானும் ஒருவன்.)

பழையசாம்பல் | 8 ஜூலை, மாலை 6.20

கதை வேறு இருக்கிறதா இதில்?

தூங்காநகரத்தான் | 13 ஜூலை, அதிகாலை 1.50

அடெல் செத்தான்.

தூக்கம் வரவில்லை, முழுதாக எழுதிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானும் தம்பியும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஆட்டம் தொடங்கியதும் டிஸ்கார்டில் இருவரும் மைக்கை அணைத்துவிடுவது. அவனுக்குக் குரல் இல்லையென்றால் எனக்கும் இல்லை. முதல் இரண்டு நாள் கை ஒடிந்த மாதிரி இருந்தது. நான் ஒரு பக்கம் பின் போட, தம்பி ஒரு பக்கம் போட, மூன்றாமவர் நடுவில் நின்று எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம். வெள்ளிக்கிழமை வாக்கில் பழகிவிட்டது.

இன்றைக்கு வந்தவர் கார்டியன். பெயர் ஏதோ சீன எழுத்தில், படிக்கத் தெரியவில்லை. இறங்கியதும் அவரே பின் போட்டார், தேவாலயம். (கரிமுகில், உங்கள் நினைவுதான் வந்தது.) முதல் நாள் இரண்டு தேவாலயம், ஒரு முகாம், ஒரு பாழடைந்த கட்டடம். சுரங்கத்துக்குப் போகவே இல்லை. இரண்டாம் நாள் ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு டிங், டிங், டிங் என்று விடாமல் குறித்துக்கொண்டே இருந்தார். என்ன அவசரமோ என்று போய்ப் பார்த்தால், கீழே ஒரு நக ஆயுதம் கிடக்கிறது. எடுத்துப் படித்தால் நச்சு ஏற்றும் ஆயுதம். தனக்கு வேண்டாதென்று எங்களுக்காகப் போட்டிருக்கிறார். நான் ரெய்டர், என் உயரத்துக்கும் பருமனுக்கும் அந்தச் சின்ன நகத்தை மாட்டினால் சிரிப்பாக இருந்தது. தம்பியிடம் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வாசலில் இருந்த வணிகரிடம் மிச்சமிருந்த ரூனை (ஆட்டத்துக் காசு) எல்லாம் செலவழித்தோம். நான் 13, தம்பி 13, அவர் 14.

அடெல் வாயைத் திறந்துகொண்டு வந்தான். அந்த வாயைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: உடம்பில் பாதி வாய்தான். கவ்வினால் மென்று துப்பிவிடுவான். கார்டியன் கேடயத்தோடு எதிரே நிற்க, தம்பி வயிற்றுப் பக்கம் புகுந்து நகத்தால் பிறாண்டினான். முதல் நச்சு ஏறியதும் அந்தப் பெரிய உடம்பு அப்படியே தள்ளாடியது. நான் அதற்குத்தான் காத்திருந்தேன், கோடாரியால் தாடையில் இரண்டு போட்டேன். அடுத்த நொடியே தம்பி டச்சஸின் கடிகாரத்தைத் திருப்பினான், இப்போது விழுந்த அடியெல்லாம் மறுபடி விழுந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் அவ்வளவு சரியாக வந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது, "இப்பப் போடு, இப்பப் போடு" என்று நான் கத்தியே கெடுத்திருப்பேன்.

பாதி உயிர் போனதும் மின்னலும் சூறைக்காற்றும் கிளப்பினான். நான் விழுந்தேன், உடனே தம்பியும் விழுந்தான். கார்டியன் மட்டும் நிற்கிறார், அவர் ஃபிளாஸ்க் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஓடிப் போய் எங்கேயாவது தப்பிப்பார் என்று பார்த்தால் அவர் மேலே பறந்துவிட்டார். திரை முழுக்க வெறும் தூசி. பிறகு சிறகோடு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் இறங்கினார். எழுந்துவிட்டோம்.

முடிந்ததும் மூவரும் நின்றோம். நான் வணங்கினேன், அவரும் வணங்கினார். திரை மங்கியது. அவருக்கு நண்பர் அழைப்பு அனுப்ப வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அந்த எழுத்தைத் தட்டச்சு செய்ய எனக்குத் தெரியவில்லை.

இரவுப்பணி | 13 ஜூலை, அதிகாலை 2.05

இப்போதுதான் வேலை முடிந்து வந்து இதைப் படிக்கிறேன். வாழ்த்துகள். சமீபத்தில் சேர்ந்து ஆடியவர்கள் பட்டியல் ஸ்டீமில் இருக்கும், அங்கிருந்து அனுப்பலாம், தட்டச்சு செய்ய வேண்டாம்.

தூங்காநகரத்தான் | 13 ஜூலை, அதிகாலை 2.09

அனுப்பிவிட்டேன்!

சின்னத்தம்பி_கோவை | 13 ஜூலை, காலை 11.30

நச்சு ஏற்றியது நான். கடிகாரம் நான். பதிவில் கார்டியனுக்குத்தான் ஒரு பத்தி. சரி.

பழையசாம்பல் | 31 ஜூலை, காலை 8.00

நேற்று 1.02 பேட்ச் வந்துவிட்டது. இரண்டு பேர் ஆட்டம் சேர்த்துவிட்டார்கள், ரிலிக் தேடும் வசதியையும் கொஞ்சம் திருத்தியிருக்கிறார்கள். வெளியாகி இரண்டு மாதம் கழித்து. முதலிலேயே செய்திருக்கலாம். அண்ணனும் தம்பியும் இனி யாரையும் தேட வேண்டாம், இந்த இழையைப் பூட்டிவிடலாம்.

தூங்காநகரத்தான் | 31 ஜூலை, இரவு 9.40

நேற்று இரவே இருவராக மூன்று ரன் போனோம். ஒன்று வென்றோம், கிளாடியஸ். நன்றாகத்தான் இருக்கிறது, மைக் வேறு திரும்பி வந்துவிட்டது. ஆனால் பாஸ் ஒருவரைத் துரத்தும்போது மற்றவருக்குக் கிடைக்கிற மூச்சு குறைவு. மூவராக இருக்கும்போது ஒருவர் விழுந்தால் ஒருவர் இழுக்க, ஒருவர் எழுப்ப ஆள் இருக்கும். இருவரில் ஒருவர் விழுந்தால் மிச்சம் இருப்பவர்தான் எல்லாம். தம்பிக்கு இது பிடித்திருக்கிறது. எனக்குப் பாதிதான்.

மாரிஸுக்கு மட்டும் மூவராகவே போவது என்று முடிவு. அந்த நீர்ப்பூதம் இதுவரை எங்களை ஆறு தடவை தூங்கவைத்தே கொன்றிருக்கிறது.

அம்பறாத்தூணி | 31 ஜூலை, இரவு 9.52

மாரிஸ் மேலேயே மிதந்துகொண்டிருக்கும், ரெய்டர் கோடாரி எட்டாது. வில் இல்லாமல் போகாதீர்கள். இன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது, இல்லையென்றால் நானே வந்திருப்பேன்.

பழையசாம்பல் | 31 ஜூலை, இரவு 10.20

எத்தனை மணிக்குப் போகிறீர்கள்?

கரிமுகில் | 31 ஜூலை, இரவு 10.21

சாம்பல் அண்ணா???

பழையசாம்பல் | 31 ஜூலை, இரவு 10.26

விலை குறைந்தபோது வாங்கி வைத்தேன், திட்டுவதற்குக்கூட ஆடிப் பார்க்க வேண்டாமா. லெவல் எல்லாம் சரியாகத்தான் எடுக்கிறேன், கூட வருகிறவர்கள்தான் ஓடிவிடுகிறார்கள்.

இரவுப்பணி | 31 ஜூலை, இரவு 10.31

பின் போடுகிறீர்களா?

பழையசாம்பல் | 31 ஜூலை, இரவு 10.44

எந்தப் பொத்தான்?

தூங்காநகரத்தான் | 31 ஜூலை, இரவு 10.46

அண்ணா, வாருங்கள். தம்பி 11 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னான், இல்லையென்றால் அக்காவை அழைத்துக்கொள்வோம். மைக் கிடையாது. வில் கிடைத்தால் எனக்குக் குறியுங்கள், மின்னல் சின்னம் எங்கே தெரிந்தாலும் அங்கே பின்.